பழைய வண்டி ஸ்டார்ட் ஆகலையா? செல்ஃபை கழட்டுறதுக்கு முன்னாடி சாவிப் பக்கம் பாருங்க

என்கிட்ட இருக்கறது 97 மாடல் மாருதி 800, கார்ப்ரேட்டர் வண்டி, மூணு சிலிண்டர் 796 சிசி. அப்பா வாங்கினது, இப்போ நான் ஓட்டுறேன். இந்த வண்டி ஸ்டார்ட்டிங்ல குடுத்த தொல்லைல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், ஆனா அம்பாசடர், பத்மினி, ஆம்னி, பழைய ஜீப்னு சாவி திருப்பி செல்ஃப் அடிக்கிற எந்த பழைய பெட்ரோல் வண்டிக்கும் முக்கால்வாசி பொருந்தும். 2000க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்ப்ரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் போற) வண்டியில சென்சார், இசிஎம்ங்கற கம்ப்யூட்டர், சிலதுல சரியான சாவி இல்லாம எடுக்க விடாத இம்மொபிலைசர்னு தனி சமாச்சாரம் நிறைய இருக்கு, அதுக்கு இது பத்தாது.

ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னதுமே பல இடத்துல பேட்டரியை மாத்துவாங்க, அப்புறம் செல்ஃப் மோட்டாரை கழட்டுவாங்க, அதுக்கப்புறம் தான் யோசிப்பாங்க. எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, கீழ சொல்றேன். சாவி திருப்பும்போது வண்டி என்ன சத்தம் போடுது, லைட் என்ன பண்ணுது, இந்த ரெண்டையும் கவனிச்சாலே எந்தப் பக்கம் பார்க்கணும்னு பாதிக்கு மேல தெரிஞ்சிடும்.

கையில என்ன வேணும்னா, ஒரு சாதா மல்டிமீட்டர் (விலை கம்மியானதே போதும்), ரெண்டு ஒயர் வச்ச 12 வோல்ட் பல்பு ஒண்ணு, அதைத்தான் டெஸ்ட் லாம்ப்னு சொல்வாங்க, 10ஆம் நம்பர் ஸ்பானர், கொஞ்சம் எமரி பேப்பர், ஒரு எக்ஸ்ட்ரா ஸ்பார்க் பிளக். அப்புறம் சாவி திருப்ப ஒரு ஆள். ஒத்தை ஆளா இதைப் பண்ணாதீங்க, நீங்க பானட்டுக்குள்ள குனிஞ்சிருக்கும்போது என்ன ஆகும்னு சொல்ல முடியாது. எந்த டெஸ்ட்டா இருந்தாலும் கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ஃபுல்லா இழுத்து, முடிஞ்சா டயருக்கு ஒரு கல்லு.

எல்லாத்துக்கும் முன்னாடி ஹெட்லைட் டெஸ்ட்

ஹெட்லைட்டை ஆன் பண்ணிட்டு வண்டி முன்னாடி ஒரு சுவரு இருந்தா அதுல விழற வெளிச்சத்தைப் பாருங்க, இப்போ செல்ஃப் அடிங்க.

வெளிச்சம் சுத்தமா அணைஞ்சு போச்சுன்னா எங்கயோ கனெக்‌ஷன் விட்டிருக்கு, பெரும்பாலும் பேட்டரி டெர்மினல். மங்கலாகி மஞ்சளா போனா பேட்டரி வீக், இல்லைன்னா செல்ஃப் மோட்டார் உள்ள இறுகிப் போய் அளவுக்கு மீறி கரன்ட் இழுக்குது. வெளிச்சம் கொஞ்சம்கூட மாறலை, செல்ஃபும் சுத்தலைன்னா கரன்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை, அதாவது இக்னிஷன் ஸ்விட்ச், இல்ல அதுல இருந்து சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்கு பெரிய கரன்ட்டை திறந்து விடுற காந்த ஸ்விட்ச்) போற ஒயர், இல்ல சோலினாய்டு. இந்த ஒரு டெஸ்ட்டுக்கு பைசா செலவு இல்லை, ஆனா இதைப் பண்ணிப் பார்த்துட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போறவங்க ரொம்ப கம்மி.

சாவி திருப்பினா எதுவுமே இல்லை, டேஷ் போர்டு லைட் கூட எரியலை

இது பார்க்க பயமா இருக்கும், ஆனா இருக்கறதுலயே ஈசி இதுதான். பேட்டரி டெர்மினலை கையால ஆட்டிப் பாருங்க, லூசா இருந்தா கதை அங்கேயே முடிஞ்சுது. பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா சுடுதண்ணி ஊத்திக் கழுவி, கழட்டி, உள்பக்கம் எமரி போட்டுத் தேய்ச்சு, திரும்ப டைட் பண்ணி மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க. கழட்டும்போது நெகட்டிவை முதல்ல கழட்டணும், மாட்டும்போது நெகட்டிவை கடைசியா மாட்டணும். ஏன்னா பாசிட்டிவ்ல ஸ்பானர் வச்சிருக்கும்போது அது பாடியில பட்டா பேட்டரியே வெடிக்கிற அளவுக்கு தீப்பொறி வரும்.

மீட்டர்ல ராத்திரி முழுக்க நின்ன பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா ஃபுல், 12.2 பாதி, 12க்கு கீழ போச்சுன்னா சார்ஜ் கிட்டத்தட்ட காலி. ஆனா நிக்கும்போது 12.6 காட்டுதுங்கறதால பேட்டரி நல்லதுன்னு முடிவு பண்ணாதீங்க, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக் கூடாது, அதுதான் பேட்டரிக்கு உண்மையான பரீட்சை. வண்டி ஓடிட்டு இருக்கும்போது 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும், வரலைன்னா பேட்டரியை மாத்தி பிரயோஜனம் இல்லை, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்க.

பேட்டரி நல்லா இருக்கு, ஹெட்லைட் எரியுது, ஆனா சாவி ஆன் பண்ணினா மீட்டர் பேனல்ல ஆயில் லைட், பேட்டரி லைட் எதுவும் வரலைன்னா மெயின் ஃபியூஸ், அதுக்கடுத்து நேரா இக்னிஷன் ஸ்விட்ச்.

டக டக டகன்னு வேகமா அடிக்குது

பேட்டரி வீக். சோலினாய்டு இழுக்குது, இழுத்ததும் மோட்டார் கரன்ட் கேக்குது, வோல்டேஜ் படுத்துடுது, சோலினாய்டு விட்டுடுது, விட்டதும் வோல்டேஜ் எழுந்துக்குது, திரும்ப இழுக்குது, அதுதான் அந்த டக டக. சார்ஜ் போட்டுப் பாருங்க, இல்லை பக்கத்து வண்டியில இருந்து கேபிள் போடுங்க. கேபிள் போடும்போது கடைசியா மாட்டுற கருப்பு ஒயரை படுத்த பேட்டரியோட நெகட்டிவ்ல மாட்டாம எஞ்சின்ல ஏதாவது வெறும் இரும்புல மாட்டுங்க, பேட்டரி மேல கேஸ் இருக்கும், கடைசி கனெக்‌ஷன்ல தீப்பொறி வராம இருக்காது.

ஒரே ஒரு 'டொக்', அதோட சரி

இதுக்கு மூணு இடம். முதல் இடம் எர்த். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும், பாடியில இருந்து கியர் பாக்ஸுக்கும் போற பின்னல் பட்டை ஒண்ணு இருக்கும், இருபது இருபத்தஞ்சு வருஷ வண்டியில அது துரு ஏறி பாதி அறுந்து தொங்கிட்டு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சிட்டு சோக் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் தொட்டுப் பாருங்க. அது சூடா இருந்துச்சுன்னா எர்த் பட்டை வழியா திரும்ப வேண்டிய கரன்ட் வழி கிடைக்காம அந்த மெல்லிசு கேபிள் வழியா திரும்புதுன்னு அர்த்தம். அப்படியே விட்டா கேபிள் உறை உருகி ஆக்சிலரேட்டர் மாட்டிக்கும், அன்னைக்கே பாருங்க. மீட்டர்ல பார்க்கணும்னா ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையிலயும் இன்னொரு முனையை எஞ்சின் இரும்புலயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லை.

ரெண்டாவது பாசிட்டிவ் கேபிள், அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவுக்கும் சோலினாய்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவுல 0.5க்கு மேல விடக் கூடாது. மூணாவதுதான் சோலினாய்டு உள்ள இருக்கற செம்பு காண்டாக்ட் தேய்ஞ்சதோ, மோட்டார் கார்பன் பிரஷ் தீர்ந்ததோ. மோட்டார் உடம்பை ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டி உடனே ஸ்டார்ட் ஆனா பிரஷ் தீர்ந்துடுச்சுன்னு வச்சுக்கலாம், ஆனா தட்டியே ஓட்டாதீங்க, இன்னும் கொஞ்ச நாள்தான் அதுக்கு ஆயுசு.

லைட் பளிச்சுன்னு இருக்கு, ஹாரன் கணீர்னு அடிக்குது, சாவி திருப்பினா சத்தமே இல்லை, அஞ்சு ஆறு தடவை திருப்பினா ஒரு தடவை எடுக்குது

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, நானும் ஏமாந்தேன்.

மூணு வருஷம் முன்னாடி சித்திரை மாசம், மதுரை வெயில் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம். காலையில ஒரே திருப்புல எடுக்கும், மத்தியானம் கடைக்குப் போயிட்டு வந்து திருப்பினா சத்தம் இல்லை. பத்து தடவை திருப்பினா பதினோராவது தடவை எதுவுமே நடக்காத மாதிரி எடுக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்ல பேட்டரி போச்சுன்னு சொன்னாங்க, மாத்தினேன், ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே. அடுத்தது செல்ஃப் மோட்டார் ரீ-கண்டிஷன், பிரஷ், புஷ், சோலினாய்டு எல்லாம் புதுசு. பத்து நாள் நல்லா இருந்துச்சு, திரும்ப அதே. புது பேட்டரிக்கும் புது சோலினாய்டுக்கும் வண்டி கொஞ்ச நாள் அடங்குனதுக்குக் காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது, பொருள் புதுசா இருக்கும்போது கம்மி வோல்ட்டுலயும் இழுத்துடும், குறை இருந்த இடத்துலயே இருக்கும்.

கடைசியில வயசான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன்கிட்ட போனேன். அவர் எதையும் கழட்டலை. சோலினாய்டுல ரெண்டு பெரிய போல்ட் தவிர ஒரு மெல்லிசு ஒயர் வந்து சொருகியிருக்கும், சாவியை ஸ்டார்ட்ல திருப்பினா மட்டும் கரன்ட் வர்ற ஒயர், அதுல மீட்டர் முனையை வச்சுக்கிட்டு "திருப்புங்க தம்பி"ன்னாரு. பேட்டரில 12.5, அந்த ஒயர்ல 7.8. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிட்டு, "செல்ஃபு பாவம், அதுக்கு சோறே வந்து சேரலையே"ன்னாரு.

அப்புறம் ஸ்டியரிங் காலத்துக்குக் கீழ இருக்கற பிளாஸ்டிக் மூடியை கழட்டி இக்னிஷன் ஸ்விட்ச் கப்ளரை, அதாவது ஒயரெல்லாம் சேர்ந்து சொருகற பிளக்கை, உருவினாரு. வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர்ல ஒரே ஒரு ஓட்டை மட்டும் டீ கறை பிடிச்ச மாதிரி பழுப்பா இருந்துச்சு, அதுக்கு நேரா இருந்த பித்தளை பின் தன் நிறம் போய் ஊதா கலந்த கருப்பு, பக்கத்துல மூக்கை வச்சா கருகின பேக்லைட் வாசனை. அந்த ஒரு பின்தான் மெயின் கரன்ட் உள்ள வர்ற இடம்.

ஏன் அப்படி ஆகுதுன்னா, பழைய சின்ன வண்டிகள்ல பலதுல செல்ஃபுக்கு ரிலே (சின்ன கரன்ட்டை வச்சு பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) கிடையாது. சோலினாய்டு இழுக்கற அந்த ஒரு நிமிஷத்துல, சொல்லப்போனா அரை செகண்டுல, இருபது முப்பது ஆம்பியர் கிட்ட கேக்கும், அவ்வளவும் சாவிக்குப் பின்னாடி இருக்கற சுண்டு விரல் நகம் அளவு காண்டாக்ட் வழியாத்தான் போகணும். ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்டார்ட் பண்ணினா வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல அந்த இடத்துல ஒரு சின்ன தீப்பொறி. இருபது வருஷத்துல எவ்வளவுன்னு கணக்கு போட்டுக்கோங்க. காண்டாக்ட் கருகக் கருக ரெசிஸ்டன்ஸ் ஏறும், அது இன்னும் சூடாகும், சூட்டுல ஸ்பிரிங் தளரும், இன்னும் கருகும். எஞ்சின் சூடா இருக்கும்போது சோலினாய்டு காயிலுக்கும் ரெசிஸ்டன்ஸ் ஏறி, இழுக்க இன்னும் வோல்டேஜ் வேணும், அதனாலதான் காலையில எடுத்த வண்டி மத்தியானம் எடுக்கலை.

நீங்களே பார்க்கறதுன்னா இப்படி. மீட்டர் கருப்பு முனை எஞ்சின்ல, சிவப்பு முனை சோலினாய்டு மெல்லிசு ஒயர்ல, சாவியை ஸ்டார்ட்ல பிடிக்கச் சொல்லுங்க. 10.5க்கு மேல வந்தும் சோலினாய்டு இழுக்கலைன்னா தப்பு செல்ஃப் பக்கம். 9க்கு கீழ வந்தா, இல்லை ஒரு தடவை வருது ஒரு தடவை வரலைன்னா தப்பு மேல, சாவிப் பக்கம். அப்போ ஸ்விட்ச் கப்ளர்ல உள்ள வர்ற ஒயர்ல ஒரு முனையும் ஸ்டார்ட் ஒயர்ல இன்னொரு முனையும் பின்பக்கமா சொருகி வச்சு திரும்ப சாவி பிடிக்கச் சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஸ்விட்ச் உள்ளயே தின்னுட்டு இருக்கு. அரை வோல்ட்டுக்கு கீழ இருந்தா ஸ்விட்ச் நல்லது, நடுவுல இருக்கற ஒயரோ கப்ளரோ தான்.

மல்டிமீட்டர் இல்லைன்னா டெஸ்ட் லாம்ப் வச்சும் பார்க்கலாம், ஆனா பல்பு 8 வோல்ட்டுலயும் எரியும் 12லயும் எரியும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாம ஏமாத்திடும், அதனால இந்த ஒரு இடத்துக்கு மீட்டரே நல்லது.

பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு ஒயரை எடுத்து அந்த மெல்லிசு ஒயர் டெர்மினல்ல நேரா தொட்டா செல்ஃப் உடனே சுத்தினா, செல்ஃப் நல்லா இருக்குன்னு சந்தேகமே வேண்டாம். நியூட்ரலான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்துட்டுத் தொடுங்க. கியர்ல இருந்து வண்டி குதிச்சு சுவத்துல ஆளை வச்சு நசுக்கின சம்பவம் எல்லாம் இப்படி நேரா தொட்டதுல தான் நடக்குது. பெரிய போல்ட் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டவே வேண்டாம், நூறு ஆம்பியருக்கு மேல ஓடுற இடம் அது.

சரி பண்றதுக்கு ரெண்டு வேலை. ஸ்விட்சை மாத்தணும், ரிலே போடணும். சாவி ஓட்டைக்குப் பின்னாடி மாட்டியிருக்கற எலக்ட்ரிக் பகுதி தனியா வந்தா அதை மட்டும் மாத்தினா போதும், பழைய சாவியே பொருந்தும், முழு லாக் செட் மாத்தணும்னு சொன்னா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவை கழட்டிடுங்க, ஏன்னா சாவி ஆஃப்ல இருந்தாலும் அந்த ஒயர்ல எப்பவும் கரன்ட் இருக்கும். பழைய ஸ்விட்சைப் பிரிச்சு எமரி போட்டு மாட்டித் தர்றவங்க இருக்காங்க, ஊருக்குப் போய்ச் சேர அது சரி, அதையே வச்சு ஓட்ட வேண்டாம்.

ரிலே கனெக்‌ஷன் சிம்பிள். நாலு கால் 12 வோல்ட் ரிலே, கடையில ஹாரன் ரிலேன்னு கேட்டாலும் தருவாங்க, 30 ஆம்பியர் எழுதியிருக்கான்னு பாருங்க. 30ஆம் காலுக்கு பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ் வச்சு தனி ஒயர், 87ல இருந்து சோலினாய்டு மெல்லிசு டெர்மினலுக்கு, ஏற்கனவே சோலினாய்டுல இருந்த பழைய ஸ்டார்ட் ஒயரை உருவி 86ல, 85 பாடி எர்த். ஃபியூஸ் 30 ஆம்பியர், புது ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம்முக்கு குறையாம இருக்கட்டும். இதுக்கப்புறம் சாவி காண்டாக்ட் வழியா ரிலேக்குப் போறது கால் ஆம்பியர் கூட இருக்காது. என் வண்டில போட்டதுல இருந்து ஒரு தடவை கூட ஏமாத்தலை. ரிலேவை பேட்டரிக்கு நேர் பக்கத்துல வைக்காதீங்க, ஆசிட் ஆவி பட்டு கால் எல்லாம் பூத்துடும், மழைத்தண்ணி தங்காத மாதிரி கால் கீழ பார்க்க மாட்டுங்க.

எஞ்சின் பிடிக்குது, சாவியை விட்டதும் அணைஞ்சிடுது

இதுவும் சாவி வேலைதான், ஆனா பார்க்கறவங்க எல்லாம் கார்ப்ரேட்டரைத்தான் சந்தேகப்படுவாங்க. ஸ்டார்ட்ல பிடிச்சிருக்கற வரைக்கும் ஓடும், கை எடுத்து சாவி ஆன்க்கு வந்ததும் ஒரு நொடில நிக்கும், எத்தனை தடவை பண்ணினாலும் அச்சு அசலா அதே.

பல பழைய வண்டிகள்ல இக்னிஷன் காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்டேஜை உண்டாக்குறது) ரெண்டு வழியில கரன்ட் வரும். ஸ்டார்ட்ல இருக்கும்போது நேர் வழி, ஆன்ல இருக்கும்போது ஒரு ரெசிஸ்டர் வழி, காயில் பக்கத்துல வெள்ளை பீங்கான் துண்டு மாதிரி மாட்டியிருப்பாங்க, சில வண்டில அது ரெசிஸ்டன்ஸ் ஒயராவே இருக்கும். அந்த ரெசிஸ்டர் உள்ள அறுந்து போனாலோ, ஸ்விட்சுல ஆன் காண்டாக்ட் மட்டும் கருகிப் போனாலோ இந்த அறிகுறிதான் வரும். டெஸ்ட் லாம்போட ஒரு ஒயரை எஞ்சின் இரும்புலயும் இன்னொண்ணை காயில் பாசிட்டிவ்லயும் வச்சு சாவியை ஆன்ல மட்டும் வைங்க. எரியலைன்னா ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம் வச்சுப் பாருங்க, அங்க எரிஞ்சா ரெசிஸ்டர் போச்சு, அங்கயும் எரியலைன்னா ஃபியூஸ், அப்புறம் ஸ்விட்ச். ரெசிஸ்டரை ஒதுக்கிட்டு நேரா ஒயர் குடுத்து ஓட்டலாம்னு யாராவது சொன்னா வீடு வரைக்கும் மட்டும் ஓட்டுங்க, அதுக்கு மேல ஓட்டினா காயில் கொதிக்கும், பாயிண்ட் (காயில் கரன்ட்டை வெட்டி வெட்டி விடுற சின்ன ஸ்விட்ச்) கருகும்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு உண்டு. செல்ஃப் சுத்தும்போது பிடிக்கவே பிடிக்காது, சாவியை விடுற அந்த நேரத்துல டப்புனு பிடிக்கும். அப்போ ஸ்டார்ட் நிலையில காயிலுக்கு கரன்ட் கட்டாகுது, அதுவும் ஸ்விட்ச்தான்.

செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கலை

கரன்ட்டா பெட்ரோலான்னு முதல்ல பிரிச்சுடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர்ல (ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டை பிரிச்சு அனுப்புறது) இருந்து வர்ற ஒரு ஒயரை பிளக்ல இருந்து உருவி எக்ஸ்ட்ரா பிளக்கை அதுல சொருகி பிளக் உடம்பு எஞ்சின் இரும்புல படற மாதிரி வச்சு, கையை எடுத்துட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. இருபதாயிரம் வோல்ட்டுக்கு கிட்ட வரும், கையில பிடிச்சிட்டு நிக்காதீங்க, பக்கத்துல பெட்ரோல் வாசனை இருந்தா இந்த டெஸ்ட்டே பண்ணாதீங்க. நீலமா சத்தத்தோட தாண்டினா கரன்ட் பக்கம் சரி. மஞ்சளா மெலிசா வந்தா பாயிண்ட், பாயிண்ட்ல தீப்பொறியை அடக்குற கண்டென்சர், காயில் மூணுல ஒண்ணு.

பொறியே இல்லைன்னா டெஸ்ட் லாம்பை காயில் நெகட்டிவ்ல வச்சு செல்ஃப் அடிங்க. மினுக் மினுக்னு எரிஞ்சா பாயிண்ட் திறந்து மூடுது, அப்போ காயிலோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்போ, அதுக்குள்ள சுத்துற ரோட்டரோ. எரிஞ்சே நின்னா பாயிண்ட் மூடவே இல்லை, எரியவே இல்லைன்னா பாயிண்ட் திறக்கலை, இல்லைன்னா காயிலுக்கே கரன்ட் வரலை, அதை பாசிட்டிவ்ல வச்சு உறுதி பண்ணிக்கோங்க. பாயிண்ட் இருக்கற மாருதில இடைவெளி 0.4ல இருந்து 0.5 எம்எம், பாயிண்ட் முகம் கருகி குழி விழுந்திருந்தா பாயிண்டை மட்டும் மாத்தாம கண்டென்சரையும் சேர்த்து மாத்துங்க, கண்டென்சர் போனதாலதான் பாயிண்ட் கருகியிருக்கும்.

மழை நாள்ல பிடிக்கலைன்னா வேற எதையும் பார்க்காம டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை கழட்டி உள்ள காஞ்ச துணியால துடைங்க. உள்பக்கம் முடி மாதிரி கருப்புக் கோடு ஓடியிருந்தா அது வெடிப்பு, கரன்ட் அந்தக் கோட்டு வழியா தப்பிச்சுப் போயிடும், துடைச்சா தீராது, கேப் மாத்தணும். ஒயரை எல்லாம் உருவினா வரிசை மாறிடும், மாருதி 800க்கு 1-3-2, உருவறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

பெட்ரோல் பக்கம்னா ஏர் ஃபில்டர் மூடியை கழட்டி கார்ப்ரேட்டர் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டே ஆக்சிலரேட்டர் லிவரை கையால இழுங்க, எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது. ஊசி போட்ட மாதிரி ஒரு பீச்சு பெட்ரோல் அடிச்சா உள்ள பெட்ரோல் இருக்கு. அடிக்கலைன்னா டேங்க், ஃபில்டர், பம்ப்னு பின்னாடி போகணும். மாருதில எஞ்சின்லயே மாட்டின மெக்கானிக்கல் பம்ப், உள்ள ரப்பர் டயஃப்ரம் கிழிஞ்சா பெட்ரோல் ஏத்தாது. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், நம்ம வண்டி வந்த காலத்து ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் அதுக்குன்னு செஞ்சது கிடையாது. ரொம்ப நாள் நிறுத்தினா தண்ணியை வேற இழுத்துக்கும். ஹோஸை விரலால அமுக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தாலோ வெடிப்பு தெரிஞ்சாலோ உடனே மாத்துங்க, சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டுறதை விட பெரிய ஆபத்து இந்த வண்டியில இல்லை.

சோக் இழுத்து நிறைய தடவை அடிச்சு பெட்ரோல் வாசனை குப்புனு வந்தா வெள்ளமாகிடுச்சு. சோக்கை உள்ள தள்ளிட்டு, ஆக்சிலரேட்டரை ஃபுல்லா மிதிச்சு, பம்ப் பண்ணாம அப்படியே பிடிச்சுக்கிட்டு அஞ்சு செகண்ட் அடிங்க. எப்பவும் ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல அரை நிமிஷம் விடுங்க, அது ஃபேன் மோட்டார் கிடையாது, தொடர்ந்து சுத்தினா சுருள் கருகிடும்.

கொடைக்கானல் ஏறும்போது டீ குடிக்க நிறுத்தினா திரும்ப எடுக்க மாட்டேங்குது

இதுல ரெண்டு வகை, சத்தத்தை வச்சுப் பிரிங்க. செல்ஃபே சுத்தலைன்னா மேல சொன்ன சாவி, ரிலே கதை. செல்ஃப் நல்லா சுத்தியும் பிடிக்கலைன்னா சூட்டுல பெட்ரோல் ஆவியாகி பம்ப்ல பூட்டிக்கிச்சு. பானட்டைத் திறந்து வச்சு கால் மணி நேரம் விடுங்க, ஈரத்துணியை பம்ப் மேலயும் ஹோஸ் மேலயும் போடுங்க, டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி படாம. ஆறினதும் எடுத்தா இதுதான். ஆனா அடிக்கடி இப்படின்னா காயிலையும் பாருங்க, சூட்டுல உள்ள அறுந்து ஆறினதும் ஒட்டிக்கிற காயில் உண்டு, அதுக்கும் இதே அறிகுறி, வித்தியாசம் பொறி டெஸ்ட்ல தெரியும்.

செல்ஃப் 'கிர்ர்'னு தனியா சுத்துது, எஞ்சின் அசையலை

பெண்டிக்ஸ் (செல்ஃபை எஞ்சினோட ஃப்ளைவீல் பல்லுல கோக்கிற பகுதி) வழுக்குது, இல்லைன்னா ஃப்ளைவீல் பல்லு ஒரு இடத்துல தேய்ஞ்சிருக்கு. டாப் கியர்ல போட்டு, சாவி ஆஃப்ல, வண்டியை ஒரு அடி தள்ளிட்டு நியூட்ரல் போட்டு அடிச்சா எடுக்குதுன்னா பல்லுதான். ரெண்டுமே செல்ஃபை கழட்டாம தீராது.

செல்ஃப் நிக்க மாட்டேங்குது

எஞ்சின் ஓட ஆரம்பிச்ச அப்புறமும் செல்ஃப் கூடவே கத்திட்டு இருக்கு. யோசிக்காம சாவியை ஆஃப் பண்ணுங்க, நிக்கலைன்னா பேட்டரி நெகட்டிவை உருவுங்க, கையில ஸ்பானர் இல்லாத நேரத்துல இது நடந்தா வண்டி புகையறதைப் பார்த்துட்டு நிக்கணும், அதனால 10ஆம் நம்பர் ஸ்பானர் டேஷ் பாக்ஸ்லயே இருக்கட்டும். பிறகு சோலினாய்டு மெல்லிசு ஒயரை உருவிட்டு பேட்டரியை மாட்டிப் பாருங்க. இப்போ நின்னுச்சுன்னா ஸ்விட்ச் ஸ்பிரிங் தளர்ந்து ஸ்டார்ட்லயே மாட்டிக்குது, ரிலே போட்டிருந்தா அதையும் பாருங்க. அப்பவும் சுத்தினா சோலினாய்டு உள்ள செம்பு ஒட்டிக்கிச்சு.

சாவி திரும்பவே இல்லை

பதறி பிளையர் வச்சு திருப்பாதீங்க, சாவி உள்ளயே முறிஞ்சா பெரிய செலவு. முன் சக்கரம் பாரத்துல ஸ்டியரிங் லாக் முள் இறுகியிருக்கும், ஒரு கையால ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் லேசா அசையுதோ அந்தப் பக்கம் ஆட்டிக்கிட்டே சாவியைத் திருப்புங்க. அதுக்கும் வரலைன்னா எக்ஸ்ட்ரா சாவியைப் போட்டுப் பாருங்க. தேஞ்ச சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டினா அந்த தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டுவாங்க, அதனால வண்டியோட வந்த ரெண்டாவது சாவி பீரோல இருந்தா அதை வச்சு வெட்டச் சொல்லுங்க. உள்ள எண்ணெய் விடாதீங்க, தூசி சேர்ந்து களிம்பாகும், கிராஃபைட் பவுடர் கொஞ்சம் ஊதினா போதும்.

ஓடிட்டு இருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகுது, திரும்ப சாவி ஆட்டினா வருது

இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா வீட்டு வாசல்ல நிப்பீங்க, இது பைபாஸ்ல லாரிக்கு முன்னாடி நடக்கும். ஓட்டாம நிக்க வச்சு, எஞ்சின் ஓடும்போது சாவியை ஆன்லயே மேல கீழ பக்கவாட்டுல லேசா ஆட்டுங்க, சாவிக்கொத்தை தொங்க விட்டு தட்டுங்க. எஞ்சின் திக்கினாலோ ஆயில் லைட் மினுக்கினாலோ ஸ்விட்ச் முடிஞ்சுது, அன்னைக்கே மாத்துங்க.

2014ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இருபத்தஞ்சு லட்சத்துக்கு மேல சின்ன கார்களை திரும்ப கூப்பிட்டது இந்த ஒரு பொருளுக்காகத்தான். ஸ்விட்ச் உள்ள சாவியை ஆன்லயே பிடிச்சு வைக்கிற சின்ன ஸ்பிரிங்குக்கு பலம் பத்தலை, சாவிக்கொத்து பாரத்துலயோ முட்டி பட்டோ சாவி தானா ஒரு படி பின்னாடி வந்து எஞ்சின் அணைஞ்சு, பவர் ஸ்டியரிங் போய், ஏர் பேக்கும் விரியாம போச்சு. 124 பேர் செத்ததுக்கு இது காரணம்னு நஷ்ட ஈட்டுக்குப் போட்ட அமைப்பு ஏத்துக்கிச்சு. மாத்துற வரைக்கும் வளையத்துல வண்டி சாவி மட்டும் வச்சு ஓட்டுங்கன்னு தான் கம்பெனியும் அப்போ சொல்லுச்சு.

ஓடும்போது ஆஃப் ஆகிட்டா சாவியை லாக் வரைக்கும் கொண்டு போகாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். ஹசார்ட் போட்டு, ஓரம் கட்டி, நின்ன அப்புறம் மட்டும் சாவியைத் தொடுங்க. பிரேக் பூஸ்டர் இருக்கற வண்டின்னா ரெண்டு மூணு மிதிக்கு மேல மிதி கல்லு மாதிரி ஆகிடும், விட்டு விட்டு மிதிக்காம ஒரே மிதியா மிதிங்க.

எங்க அப்பா அந்த வண்டி சாவியோட வீட்டு சாவி, கடை ஷட்டர் சாவி ரெண்டு, பீரோ சாவி, ஒரு பித்தளை முருகர் வேல்னு மொத்தமா ஒரே வளையத்துல போட்டு வச்சிருந்தாரு. ஸ்விட்ச் மாத்தின அன்னைக்கு அதைக் கொண்டு போய் மளிகைக் கடைத் தராசுல வச்சேன், 180 கிராம். இப்போ வேல் டேஷ் போர்டு மேல இருக்கு, மத்த சாவியெல்லாம் வேற வளையத்துல என் பாக்கெட்ல, இக்னிஷன்ல வண்டி சாவி மட்டும் தனியா தொங்குது.